சாவி எங்கே இருக்கிறது?

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்சியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடியும் தட்டினாள். அவளுடைய ஏழு வயது மகனை வகுப்புத் தோழன் ஒருவன் சனிக்கிழமை வீட்டுக்கு விளையாட அழைத்திருந்தான். அந்தப் பையனின் அம்மாவிடம் இவள் ஒன்று கேட்க வேண்டும்.

“என்னம்மா, கேட்க வேண்டியதுதானே?” என்றேன்.

“அவங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, இருந்தா பூட்டி வெச்சிருக்காங்களான்னு கேட்கணும் அண்ணா. இங்க குழந்தை டாக்டருங்களே கேட்கச் சொல்றாங்க. பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்காதுன்னு முன்கூட்டியே சொல்லி வைப்போம்ல, அது மாதிரி சாதாரணமா கேளுங்கன்றாங்க. எனக்குத்தான் வாய் வரமாட்டேங்குது.”

கைப்பேசியைக் குப்புற வைத்துவிட்டு மறுபடி மிக்சியைப் போட்டாள்.

நம் ஊரில் துப்பாக்கி என்பது கலெக்டர் அலுவலகத்துச் சமாச்சாரம். உரிமம் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்களும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார்கள். அடுத்த வீட்டில் துப்பாக்கி இருக்குமா என்று யோசித்தபடி பிள்ளையை விளையாட அனுப்பும் நிலை நம்மில் பெரும்பாலோருக்கு வந்ததே இல்லை. தங்கையின் அந்தத் தயக்கம் என் மனதைப் பிசைந்தது. அவள் கேட்கக் கூசிய அதே கேள்வியை அந்த சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஊர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன என்று மாப்பிள்ளை சொன்னார். கையில் பத்து நாள் இருந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் அந்தச் சட்டங்களின் ஊர்களைப் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன்.

*

முதல் ஊர் சன்னிவேலேதான். இன்று கணினி நிறுவனங்களின் ஊர். எல் கமீனோ ரியல் சாலையில் நடந்தால் தோசைக்கல் மணமும் சாம்பார் மணமும் கூடவே வரும். ஆனால் சிலிக்கான் என்ற பெயர் ஒட்டுவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டமாக இருந்தது. சமுதாயக் கூடத்துக்குப் பக்கத்தில் பாதாமி மரத்தோட்டம் ஒன்றை நகரம் நினைவுக்காக இன்னும் வைத்திருக்கிறது. நகர அலுவலகம் ஆலிவ் அவென்யூவில் 2023இல் திறந்த புதிய கட்டடம். வரி, குப்பை, மரம் வெட்ட அனுமதி என்று அன்றாட வேலையாக ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த அமைதியான ஊருக்கும் ஒரு பழைய காயம் உண்டு. 1988 பிப்ரவரி 16 அன்று, இங்கிருந்த இ.எஸ்.எல். என்ற பாதுகாப்புத் துறை நிறுவனத்துக்குள் அதன் முன்னாள் ஊழியன் ஒருவன் துப்பாக்கிகளோடு நுழைந்தான். சக ஊழியராக இருந்த ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்தவன் அவன். அன்று ஏழு பேரைக் கொன்றான். அந்தப் பெண் உட்பட நால்வர் காயத்தோடு பிழைத்தார்கள். ஒருவரைப் பின்தொடர்ந்து மிரட்டுவதைக் குற்றமாக்கிய கலிஃபோர்னியச் சட்டம் 1990இல் வந்ததற்கு அந்தக் கொடுமையும் ஒரு காரணம்.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2013 நவம்பரில், சன்னிவேல் வாக்காளர்கள் முன் ‘மெஷர் சி’ என்ற சட்ட முன்மொழிவு வைக்கப்பட்டது. முந்தைய டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஆசிரியர், ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். வாஷிங்டனில் நாடாளுமன்றம் எதையும் நிறைவேற்றவில்லை. அப்போது சன்னிவேலின் மேயராக இருந்த டோனி ஸ்பிட்டலெரி, நாம் நம் ஊரளவில் செய்வோம் என்று இதை முன்னெடுத்தார். நான்கே விதிகள். துப்பாக்கி திருடுபோனாலோ தொலைந்தாலோ 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். உடையவரின் கையிலோ கட்டுப்பாட்டிலோ இல்லாத நேரத்தில் வீட்டுத் துப்பாக்கி பூட்டியிருக்க வேண்டும். பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசின் வைத்திருக்கக் கூடாது. தோட்டா விற்பவர் வாங்கியவரின் விவரத்தை எழுதி இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘சரி’ என்றார்கள். மேகசின் விதிக்கு எதிராக உடனே வழக்குப் போட்டார்கள். 2015இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். மாப்பிள்ளையோடு மாலை நடையில் சேர்ந்துகொள்பவர். அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி ஒன்றும் தாமே வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்றும் அவரிடம் உண்டு. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் வீட்டுக்குள் அழைத்துக் காட்டினார்.

படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில், நம் ஊர்ச் சாப்பாட்டு அடுக்கைப் படுக்க வைத்த அளவில் ஓர் இரும்புப் பெட்டி. மூடியின் மேல் நான்கு விரல்கள் பதியும்படி நான்கு பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை வைத்தார். ஏதோ ஒரு வரிசையில் அழுத்தினார். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் மூடி படக்கென்று மேலே எழும்பியது. தையல் மெஷினுக்குப் போடுவது போன்ற எண்ணெய் வாசனை. துப்பாக்கியை வெளியே எடுத்து, மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காட்டினார். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடம், நுனியில் சின்னப் பூட்டு. சைக்கிள் பூட்டின் குட்டித் தம்பி மாதிரி இருந்தது. துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டாக் கூடு வெளியே விழும் துளை வழியாக வடத்தை நுழைத்து, மேகசின் செருகும் அடிவாய் வழியாக வெளியே எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பூட்டினார். இப்போது அதில் மேகசினைச் செருக முடியாது. மேல்பகுதியும் மூடாது. கையில் வாங்கிப் பார்த்தேன். கனமான இரும்புத்துண்டு, அவ்வளவுதான். இந்த வடப்பூட்டை அமெரிக்காவில் பல ஊர்க் காவல் நிலையங்கள் இலவசமாகவே கொடுக்கின்றன.

“மெஷர் சிக்கு நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“எதிர்த்துத்தான் போட்டேன்” என்றார். “சட்டம் சொல்லாவிட்டாலும் நான் பூட்டியிருப்பேன், என் பேரப்பிள்ளைகள் வருகிற வீடு இது. ஆனால் என் படுக்கையறைக்குள் எதை எப்படி வைக்க வேண்டும் என்று நகரசபை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.” சற்று நிறுத்தி, “தோற்றோம். சட்டம் வந்துவிட்டது. வந்த பிறகு என் நண்பர்களில் இரண்டு பேர் பெட்டி வாங்கினார்கள். அதற்கு முன்னால் அலமாரியில் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தவர்கள்” என்றார்.

*

மறுநாள் எல் கமீனோவில் 522ஆம் எண் பஸ் ஏறினேன். சன்னிவேலிலிருந்து சாண்டா கிளாரா வழியாக சான் ஹோசே நகர அலுவலக வாசலிலேயே இறக்கிவிடும். பஸ்ஸை ஓட்டுவது வி.டி.ஏ. என்ற பள்ளத்தாக்குப் போக்குவரத்து நிறுவனம். 2021 மே 26 அன்று அதன் ரயில் பணிமனையில் ஓர் ஊழியன் தன் சகாக்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். கோடிக்கணக்கான தூரத்துச் செய்திகளில் ஒன்றாக அதை அப்போது படித்திருப்பேன். இப்போது அதே நிறுவனத்தின் பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் பெண்மணிக்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்த பிறகு அது செய்தியாக இல்லை. இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் அழுத்தமாகவே.

சான் ஹோசே நகர அலுவலகம் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 2005இல் திறந்தது. 18 மாடிக் கோபுரமும் அதன் முன்னால் கண்ணாடிக் குவிமாடமும். பத்து வட்டாரங்களுக்குப் பத்து உறுப்பினர்கள், மேயரோடு பதினொரு பேர். இங்கே பொதுமக்கள் பேசும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் பெயர் கொடுத்துப் பேசலாம். ஓரிரு நிமிடம்தான் நேரம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். கூட்டங்களின் பதிவுகளை யாரும் பார்க்கலாம். தங்கை வீட்டுக் கூடத்தில் இரவுகளில் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணிமனைக் கொலைகள் நடந்து மூன்று வாரத்துக்குள், 2021 ஜூனில், துப்பாக்கிக் கடைகளில் ஒவ்வொரு விற்பனையையும் படமும் ஒலியுமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று இந்த மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. காரணம் நமக்கு எளிதில் புரியும்: பினாமி. தகுதி இழந்த ஒருவனுக்காக, தகுதியுள்ள இன்னொருவர் தம் பெயரில் வாங்கிக் கொடுப்பது. நிலத்துக்கு நாம் பார்ப்பதை அங்கே துப்பாக்கிக்குப் பார்க்கிறார்கள். கவுன்ட்டருக்கு முன்னால் இரண்டு பேர் நின்று, ஒருவர் கைகாட்ட மற்றவர் கையெழுத்துப் போட்டால், கேமரா அதைப் பார்த்திருக்கும்.

அடுத்தது அதைவிடப் பெரிய தகராறு. துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரும் விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும், ஆண்டுக்கு 25 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற யோசனை. அன்றைய மேயர் சாம் லிக்கார்டோ 2019லேயே இதைச் சொல்லத் தொடங்கியிருந்தார். காருக்குக் காப்பீடு கேட்கிறோம், துப்பாக்கிக்குக் கேட்டால் என்ன என்பது அவர் வாதம். பூட்டி வைப்பவருக்கும் பயிற்சி பெற்றவருக்கும் பிரீமியம் குறைத்தால், போலீஸ் சாதிக்காததைக் காப்பீடு சாதிக்கும் என்பது எதிர்பார்ப்பு. நகரம் கேட்டு நடத்திய ஆய்வொன்று, துப்பாக்கி வன்முறையால் சான் ஹோசே வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 97 லட்சம் டாலர் செலவாகிறது என்று கணக்குச் சொன்னது.

எதிர்த்தவர்கள் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டேன். கொள்ளைக்காரன் பிரீமியம் கட்டுவானா என்றார்கள். அரசியல் சாசனம் கொடுத்த உரிமைக்கு நகரசபை கட்டணம் வசூலிக்கலாமா, 25 டாலர் என்பது ஏழைக்குச் சின்னத் தொகையா என்றார்கள். இவை வீம்புக்குக் கேட்ட கேள்விகள் அல்ல. 2022 ஜனவரி 25 அன்று காப்பீட்டுப் பகுதி பத்துக்கு ஒன்று என்றும் கட்டணப் பகுதி எட்டுக்கு மூன்று என்றும் நிறைவேறியது. அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்கு முன் இப்படி ஒரு சட்டம் செய்ததில்லை. வழக்குகள் வரிசையாக வந்தன. ஆனாலும் அந்த அரை நாள் விவாதத்தில் ஒருவர் பேசி முடித்ததும், அவரை வெறுக்கும் இன்னொருவர் அதே ஒலிபெருக்கி முன் அதே நேர அளவில் பேசிவிட்டுப் போனார். எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது.

*

சான் ஹோசேயிலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணத்துக்கு மேல் கில்ராய். மாப்பிள்ளை காரில் கூட்டிப்போனார். ஊரை நெருங்கும்போதே கண்ணாடியை மீறிப் பூண்டு வாசனை உள்ளே வந்தது. 1979 முதல் இங்கே பூண்டுத் திருவிழா நடந்துவந்தது. 2019 ஜூலை 28 மாலை, கிறிஸ்மஸ் ஹில் பூங்காவில் திருவிழாவின் கடைசி நாள். ஓடைப்பக்க வேலியை வெட்டிக்கொண்டு 19 வயது இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான். மூவர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒரு சிறுவனுக்கு ஆறு வயது, ஒரு சிறுமிக்குப் பதின்மூன்று. இருவரும் சான் ஹோசே பிள்ளைகள். காவலர்கள் ஒரு நிமிடத்துக்குள் அவனைத் தடுத்தார்கள். அந்த ஒரு நிமிடமே அவ்வளவுக்கும் போதுமானதாக இருந்தது.

கலிஃபோர்னியாவில் 21 வயதாகாதவன் அந்தத் துப்பாக்கியை வாங்கியிருக்க முடியாது. அவன் அதை மூன்று வாரத்துக்கு முன் பக்கத்து மாநிலமான நெவாடாவில் சட்டப்படியே வாங்கியிருந்தான். ஊர்ச்சட்டத்தின் கை எட்டாத தூரம் அது. பூங்காவில் ஓடையோரம் நடந்தபோது மாப்பிள்ளை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “அந்த வருஷம் நாங்களும் போறதாத்தான் இருந்தது.” அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விழா பல ஆண்டு நின்றுபோய், 2025இல் வேறிடத்தில் சிறிய அளவில் திரும்பியிருக்கிறது.

*

கடைசிப் பயணம் வடக்கே, கால்ட்ரெயினில் சான் பிரான்சிஸ்கோவுக்கு. 2024இல் மின்மயமான ரயில், சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அங்கிருந்து மிஷன் தெருவில் 14ஆம் எண் பஸ். பெர்னல் ஹைட்ஸ் பக்கம் அந்தத் தெருவில்தான் நகரத்தின் கடைசித் துப்பாக்கிக் கடையான ‘ஹை பிரிட்ஜ் ஆர்ம்ஸ்’ இருந்தது. 1948 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்ட பாப் சோ 1950களில் தொடங்கியது. விற்பனையைப் படம்பிடிக்க வேண்டும், தோட்டா விற்ற விவரத்தை வாராவாரம் காவல் துறைக்குத் தர வேண்டும் என்று நகரத்தின் மேற்பார்வையாளர் மன்றம் 2015இல் விதி கொண்டுவந்தபோது, வாடிக்கையாளர்களின் அந்தரங்கத்தை எங்களால் விட்டுக்கொடுக்க முடியாது என்று கடையை மூடிவிட்டார்கள். அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பல ஆண்டு நேர்மையாகத் தொழில் செய்தவரைச் சந்தேகக் கண்ணால் பார்த்தால் மனம் புண்படும். ஆனால் மருந்துக்கடையில் தூக்க மாத்திரைக்குச் சீட்டு கேட்பது எல்லா நோயாளியையும் சந்தேகப்படுவதாகாது.

பூட்டு விஷயத்தில் இந்த நகரம்தான் பள்ளத்தாக்குக்கு முன்னோடி. வீட்டில் கைத்துப்பாக்கி உடம்போடு இல்லாதபோது பெட்டகத்திலோ விசைப்பூட்டோடோ இருக்க வேண்டும் என்று 2007லேயே விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்புச் சொல்லி, தலைநகர் வாஷிங்டனின் கடுமையான சட்டத்தை ரத்து செய்தது. அத்துடன் சான் பிரான்சிஸ்கோவின் பூட்டும் போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். போகவில்லை. வாஷிங்டன் விதி துப்பாக்கியை எந்நேரமும் செயலிழக்கச் செய்யச் சொன்னது. சான் பிரான்சிஸ்கோ விதி உடையவர் கையில் வைத்திருக்கத் தடை சொல்லவில்லை. நவீனப் பெட்டியைச் சட்டென்று திறந்துவிட முடியும் என்பதையும் சொல்லி, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. அதை எதிர்த்து நீதிபதி தாமஸ் எழுதினார், நீதிபதி ஸ்காலியா மட்டும் அவரோடு சேர்ந்துகொண்டார். படித்தபோது அண்டைவீட்டுப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு விரலை அழுத்தியது நினைவுக்கு வந்தது. உரிமை பற்றிய அத்தனை பெரிய வழக்கும் கடைசியில் அந்த இரண்டு மூன்று நொடியில் வந்து நின்றிருக்கிறது.

எல்லா ஊருக்கும் இந்த வாய்ப்பு இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், துப்பாக்கி பற்றி ஊர்கள் தனியாகச் சட்டம் செய்வதை ஏதோ ஒரு அளவில் தடுத்து வைத்திருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் என்ற சிற்றூர் 2018இல் பூட்டுச் சட்டம் செய்தது. அது மாநிலத்தின் அதிகாரம், ஊரின் அதிகாரமல்ல என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே 2022இல் அடித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் வழி திறந்திருந்ததால் ஊர்கள் முயன்று பார்த்தன. அவை முயன்றது மாநிலத்துக்கும் ஏறியது. விற்பனையைப் படம்பிடிக்கும் விதி 2024 ஜனவரி முதல் மாநிலம் முழுமைக்கும் சட்டம். பூட்டி வைக்கும் விதி 2026 ஜனவரி முதல்.

பூட்டு எதைச் சாதிக்கும் என்று ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். கில்ராயில் நடந்ததை அது தடுத்திருக்காது. ஆனால் 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். அந்த எண்ணம் பல நேரம் ஒரு ராத்திரியில் வந்து ஒரு ராத்திரியில் போய்விடக் கூடியது. பதினாறு வயதுப் பிள்ளை அப்பாவின் அலமாரியைத் திறக்கும்போது சட்டைகளுக்கு நடுவே இருப்பது துப்பாக்கியா, பூட்டிய பெட்டியா என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோரின் தற்கொலையையும் விபத்துச் சாவையும் குறைக்கின்றன என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் சான்றுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது.

துப்பாக்கி உரிமையா, இல்லையா என்ற பெரிய கேள்வியில் அந்த நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நான் போன ஊர்கள் அதற்கு விடை சொல்லக் காத்திருக்கவில்லை. ராத்திரி சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டன. அப்படிக் கேட்டால் எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் பெட்டியைத் திறந்து காட்டிப் பதில் சொல்கிறார்.

வீடு வந்து சேர்ந்தபோது தங்கை வாசலிலேயே நின்றாள். செய்தியை அனுப்பிவிட்டாளாம். பதிலும் வந்துவிட்டது. கைப்பேசியை நீட்டினாள். அந்தப் பையனின் அம்மா எழுதியிருந்தார்: ‘ஒன்று இருக்கிறது, என் கணவருடையது. பெட்டகத்தில் பூட்டியிருக்கிறது, தோட்டா வேறிடத்தில். கேட்டதற்கு நன்றி. உங்கள் மகனை எங்கள் வீட்டுக்கு அழைத்தபோதே உங்களிடமும் இதைக் கேட்க நினைத்தேன், நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்களோ என்று விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் இருக்கிறதா?’

“நம்மகிட்டயே கேட்டுட்டாங்க பாருங்க அண்ணா” என்று தங்கை சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் அப்படிச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை மருமகனை நான்தான் கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்தவர் அவன் ஷூவைக் கழற்றுவதற்குள் என்னைப் பார்த்து, “உள்ளே வாருங்கள், எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன்” என்றார். “வேண்டாம், சொன்னீர்களே, அது போதும்” என்றேன். பையன்கள் இருவரும் அதற்குள் மாடிப்படியில் ஓடியிருந்தார்கள்.